பதினேழாம் எண்காரி

ஜனவரி 6

அக்காவுக்கு,

நான் நலம், வீட்டுக்காரியும் நலம். இந்தக் குளிரில் என் மூக்கு மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டு அதன் இஷ்டத்துக்கு ஒழுகுகிறது. உன் முட்டிவலி எப்படி? படியேறும்போது இன்னும் "அம்மாடி" போடுகிறாயா?

போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ "சாப்டியா, சரி, வை" என்று முடித்துவிடுவாய். கடிதத்தில்தான் நாம் இருவரும் மனுஷர்களாகப் பேசிக்கொள்கிறோம்.

இதோடு ஒரு பெட்டி வருகிறது. பஞ்சுக்குள் இருப்பவற்றைக் கண்ணாடித் துண்டு என்று குப்பையில் போட்டுவிடாதே. என் இத்தனை வருஷத்து உழைப்பு அது. ஒவ்வொரு சிப்பிலும் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால் ஒன்று, அதன் நடுவில் ஓர் இடுக்கு. அதில் உப்புத் தண்ணீர் ஓடும், குறுக்கே கொஞ்சம் மின்சாரம் பாயும். ரத்த அணு ஒன்று இடுக்கில் நுழைந்தால் மின்சாரத்தின் வழி அடைபட்டு, சட்டென்று குறைந்து மறுபடி எழும். எத்தனை தடவை குறைகிறதோ அத்தனை அணு. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பெரிய அணு. உன் லேபில் பாதி மேஜையை அடைத்துக்கொண்டிருக்கும் மிஷினும் இதையேதான் செய்கிறது. என்னுடையது தபால்தலை அளவு. அதற்குக் குழாயில் ரத்தம் எடுக்க வேண்டாம், விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு போதும்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத் தலைவருக்கு இதை விளக்கும்போது அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தியேட்டர் வாசலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் விழும் நிழல்களைப் பார்த்தே ஆட்களை எண்ணுவாரே! பெரிய நிழல் முழு டிக்கெட், சின்ன நிழல் அரை டிக்கெட். "எங்க அப்பாதான் சார் முதல்ல கண்டுபிடிச்சாரு" என்று சொல்லிவிட்டேன். தலைவர் சிரிக்கவில்லை.

உதவி ஒன்று. உன்னிடம் வருகிறவர்களைக் கேட்டு, சம்மதித்தவர்களின் விரலில் ஒரு சொட்டு எடுத்து இதில் போட்டுப் பார். உன் மிஷின் சொல்வதையும் சிப் சொல்வதையும் எழுதி அனுப்பு. பேர் வேண்டாம், எண் போதும். ஜூனுக்குள் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இந்த வேலையையே மூடிவிடுவதாகத் தலைவர் சொல்லிவிட்டார்.

உன் கோழிக்கிறுக்கலுக்குக் காத்திருக்கும்
தம்பி


ஜனவரி 24

சுண்டுவுக்கு,

நானும் என் முட்டியும் ஒருமாதிரி சமாதானமாக இருக்கிறோம். சாப்பிட்டதும் வயிற்றில் அவ்வப்போது ஒரு வலி. வெறும் வாயுதான், நீ பெரிதாக்காதே. மூக்குக்கு வெந்நீர் ஆவி பிடி. எப்போது வருவாய் என்று கேட்கமாட்டேன். கேட்டால் "இந்த வேலை முடியட்டும்" என்பாய். அம்மா போனபிறகு அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

உன் பெட்டி பத்திரமாக வந்தது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் அதை சென்ட் பாட்டில் என்று நினைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தந்தாள். பெரிய டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். ஜன்னலோரம், ஒழுகும் குழாய்க்கும் "இங்கே சாப்பாடு வைக்காதீர்" என்று எழுதியும் எல்லோரும் சாப்பாடு வைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் உன் சிப்புக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். இதுவரை பார்த்ததெல்லாம் ஒத்துப்போகிறது. கர்வப்படாதே, எல்லாம் ஆரோக்கியமான ஆட்கள்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். பிளேட்லெட் குறைவு என்று மிஷின் சொன்னால் நான் அப்படியே கையெழுத்துப் போடமாட்டேன். ஒரு சொட்டை ஸ்லைடில் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் என் கண்ணால் பார்த்தாக வேண்டும். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் "மிஷினே சொல்லிடுச்சே மேடம், அப்புறம் எதுக்கு?" என்றாள். "மிஷினுக்கு எண்ணத் தெரியும், பாக்கத் தெரியாதும்மா" என்றேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் தானாகவே ஸ்லைடை எடுத்து நீட்டுகிறாள்.

அப்பா நிழலை எண்ணினார், சரி. தியேட்டர் முதலாளி ஒரு பிள்ளையைத்தான் இலவசமாக விடுவார் என்று உன்னை என் முதுகில் ஒட்டவைத்து நுழைவேனே, அதை மறந்துவிட்டாயா? ஒரே நிழல், ஒரு முழு டிக்கெட். அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்று நீ வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாய். மக்கு, முழு டிக்கெட்டுக்கு நாலு கால் இருக்குமா?

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லும்
அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மூக்கு திரும்பி வந்து சேர்ந்துவிட்டது. வயிற்றுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்துகொண்டு டாக்டரைப் பார்க்காதவள் நீ ஒருத்திதான்.

உன் எண்களைத் தலைவரிடம் காட்டினேன். முதல்தடவையாக அவர் பல்லைப் பார்த்தேன்.

நாலு கால் விஷயத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். திரைக்குப் பின்னால் அந்த ஒற்றை அறையில் நாம் குடியிருந்ததை வீட்டுக்காரிக்குச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறாள். படத்தைத் திருப்பிப்போட்டுப் பார்த்தே வளர்ந்ததால் கதாநாயகன் எல்லோரும் இடதுகைக்காரர்கள் என்று நினைத்திருந்தேன் என்றேன். "அதான் நீங்க இப்படி இருக்கீங்க" என்கிறாள். பரீட்சைக்கு நீ பாடம் சொல்லிக்கொடுக்கும்போது சுவருக்கு அந்தப்பக்கம் யாராவது அழுதுகொண்டோ அடித்துக்கொண்டோ இருப்பார்கள். இப்போதும் நிசப்தமான அறையில் எனக்கு வேலை ஓடுவதில்லை, அக்கா.

இனி எனக்கு ஆரோக்கியமான ரத்தம் வேண்டாம். கோணல் ரத்தமாகப் பார்த்து அனுப்பு. அதில் தேறினால்தான் சிப் தேறியது.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எப்போதும் நினைக்கும்
தம்பி


பிப்ரவரி 27

சுண்டுவுக்கு,

நலம். நீயும் அவளும் நலமாக இருக்க வேண்டும்.

நீ கேட்ட கோணல் ரத்தம் கிடைத்துவிட்டது. பதினேழாம் எண். ஒரு பெண். பித்தப்பையில் கல், எடுத்தாக வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கம்போல ரத்தம் பார்த்தார்கள். சாதாரண ஆளுக்குப் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் குறையக்கூடாது. மிஷின் இருபத்தெட்டாயிரம் என்றது. அதே ஆளின் விரல்சொட்டுக்கு உன் சிப் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்கிறது. சிரிப்பதா அழுவதா?

சர்ஜன் கையை உதறிவிட்டார். "இந்த எண்ணிக்கைல கத்தி வெச்சா ரத்தம் நிக்காது. எலும்பு மஜ்ஜையிலயே கோளாறா இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துருங்க" என்றார். கல்லைவிட இதுதான் இப்போது பெரிய விஷயம்.

உன் சிப்தான் தப்பு. அந்த மிஷினை இத்தனை காலமாகக் கட்டி மேய்க்கிறேன், பொய் சொன்னதில்லை. சீக்கிரம் சரிசெய்.

அலமாரியைச் சுத்தம் செய்தேன். அப்பா இருட்டில் இருக்கை காட்டும் டார்ச் கிடைத்தது. இங்கே சும்மாதானே கிடக்கிறது, உனக்கு அனுப்புகிறேன்.

அன்போடு
அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய், வயிறு என்ன சொல்கிறது?

டார்ச் வந்தது. பேட்டரி போட்டதும் எரிந்தது! கூடத்து விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்காரிக்கு இருக்கை காட்டினேன்.

அக்கா, பதினேழாம் எண் ரத்தம் இல்லை, புதையல்! இப்படி ஒன்றுக்காகத்தான் தவம் கிடந்தேன். நீ சொல்வது சரி. உன் கை பட்ட மிஷினா என் சிப்பா என்றால் நான் மிஷின் பக்கம்தான். சிவப்பணு உடைந்த துகளையோ, நுண்ணிய காற்றுக்குமிழியையோ சிப் பிளேட்லெட் என்று அரை டிக்கெட் கணக்கில் எண்ணித் தொலைக்கிறது போல. ஆனால் மற்றவர்களிடம் செய்யாத தப்பை இவங்களிடம் மட்டும் ஏன் செய்கிறது?

யார் அந்த அம்மா? வயசு என்ன? இன்னும் நாலைந்து தடவை கெஞ்சிக் கூத்தாடியாவது ரத்தம் வாங்கு. அவங்க இருக்கிறவரைக்கும் விட்டுவிடாதே. என் வேலையே இப்போது அவங்க விரலில்தான் இருக்கிறது.

பதிலுக்குத் துடித்துக்கொண்டிருக்கும்
தம்பி


மார்ச் 30

சுண்டுவுக்கு,

என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வலி வந்தால் வெறும் கஞ்சி, வராவிட்டால் எல்லாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் தாமதம். வேலை.

பதினேழாம் எண்காரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தனியாக இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கேட்டால் விரலை நீட்டிவிடுகிறாள். இரண்டாம் முறையும் எடுத்தேன். மிஷின் இருபத்துநாலாயிரம், சிப் இரண்டு லட்சத்து ஐயாயிரம். மூன்றாம் முறையும் அப்படித்தான். நீ சொன்னபடி அவள் இருக்கிறவரைக்கும் எடுத்து அனுப்புகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார்களாம், பேர் வைக்காதவரை அது இல்லையாம். என்ன பேச்சு பார்! வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

தியேட்டர் ஆட்கள் எல்லோரும் முதலாளியோடு நின்று எடுத்த போட்டோவை அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் அப்பா, அவர் காலருகே நீ. சிரிக்கச் சொன்னபோது நீ மட்டும் வாயை மூடிக்கொண்டாய், முன்பல் விழுந்திருந்தது. எனக்கு அந்தத் தியேட்டர் பக்கம் போவதென்றால் இப்போதும் கால் தானாக மெதுவாகிவிடும். கட்டிடத்தை மெத்தைக் கிடங்காக்கிவிட்டார்கள். வாசலை இடித்து லாரி போகிற அளவுக்கு அகலமாக்கியிருக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் எப்படி எண்ணுவார் என்று நின்று யோசித்தேன். காவல்காரர் "யாருங்க வேணும்?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டு.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நலம்தான், ஆனால் மனசு சரியில்லை. உன் கடிதத்தில் வழக்கமான உப்புக்காரம் குறைந்திருக்கிறதே, ஏன்?

பதினேழாம் எண்ணுக்காகச் சிப்பின் கணக்கை மாற்றினேன். எது பிளேட்லெட், எது குப்பை என்று பிரிக்கும் கோட்டை மேலே ஏற்றினேன். கடைசியில் உன் மிஷின் சொன்ன இருபத்துநாலாயிரம் வந்துவிட்டது. குதித்தேன். பிறகு உன்னிடமிருந்து வந்த மற்ற எல்லோருடைய கணக்கையும் அதே கோட்டில் போட்டால், ஊரிலுள்ள எல்லோருக்கும் பிளேட்லெட் இல்லை என்கிறது! ஒரு ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்து ஊருக்கே மாட்டிவிட்ட கதைதான். தலைவர் மேஜையில் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். அது திட்டுவதைவிட மோசம்.

ஒன்று எழுத மறந்துவிட்டாய். ஸ்லைடில் என்ன பார்த்தாய்? பதினேழாம் எண்ணுக்குப் பிளேட்லெட் உன் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்தது? அது தெரிந்தால் மிஷினா சிப்பா என்ற கேள்வியே இல்லை.

போட்டோவைக் கூடத்தில் மாட்டியாயிற்று. அதைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்காரி கேட்கிறாள்: "என்னங்க, அக்கா ஏன் ஒவ்வொண்ணா அனுப்பிட்டு இருக்காங்க? வீடு மாறப்போறாங்களா?" அப்படியா, அக்கா?

ஸ்லைடு பற்றி உடனே எழுது.

தம்பி


மே 4

சுண்டுவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று சம்பிரதாயத்துக்கு வைத்துக்கொள்.

வீடெல்லாம் மாறவில்லை. வயசான காலத்தில் எங்கே மாறுவது? பொருளைக் குறைத்தால் பெருக்குவது சுலபம், அவ்வளவுதான். வீட்டுச் சாவி இன்னொன்று என்னிடம் சும்மா கிடந்தது, இதோடு வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதே. கதவு மழைக்கு இறுகிக்கொள்ளும், கீழே ஒரு உதை கொடுத்தால் திறக்கும்.

ஸ்லைடு பார்க்க நேரமில்லை. காய்ச்சல்காரர் கூட்டம்.

உன் சிப் உருப்படும். உருப்படாவிட்டாலும் நீ வேறு ஏதாவது செய்வாய். சின்ன வயசில் நீ பிரித்துப்போட்ட ரேடியோ திரும்பப் பாடவே இல்லை. அதற்காக உன்னை அடிக்கவும் இல்லை, அம்மா அடிக்க வந்தபோது நான்தான் குறுக்கே நின்றேன். என்னவோ அதெல்லாம் இந்த நாட்களில் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. உன் வீட்டுக்காரியிடம் சண்டை போடாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மே 11

அக்கா,

நலம் விசாரிப்பை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

நேரமில்லையா? உனக்கா? இடுப்புப் பிடித்துக்கொண்ட அன்றும் நாற்காலியில் தலையணை வைத்து ஸ்லைடு பார்த்தவள் நீ. ஊரில் யாருக்குக் குறைந்தாலும் உன் கண்ணால் பார்க்காமல் விடமாட்டாய். அப்படிப்பட்டவள் பார்க்காமல் விட்ட ஒரே ஆள் யார்? ஐம்பது தாண்டியவள், தனியாக இருப்பவள், வாய் நீளமானவள். உன் கடிதத்தை வீட்டுக்காரியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியில் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டேன். அவள்தான் "அது அக்காதாங்க" என்றாள்.

அவங்க இருக்கிறவரைக்கும் விட்டுவிடாதே என்று எழுதினேனே! படித்துவிட்டு எப்படி அக்கா விரலை நீட்டினாய்?

போன் மேல் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால் இதை நிதானமாகப் படி.

பக்கத்துக் கட்டிடத்தில் ரத்த வைத்தியம் பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். "எந்தக் குழாய்ல எடுத்தாங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நீ எல்லோருக்கும் எடுக்கும் ஊதா மூடிக் குழாய்தானே? ரத்தம் உறையாமலிருக்க அதில் ஒரு மருந்து இருக்கிறது. அபூர்வமாகச் சிலருக்கு அந்த மருந்து பட்டால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். உடம்புக்குள் ஒட்டாது, குழாய்க்குள்தான். கும்பலாக ஒட்டியதை மிஷின் பிளேட்லெட் என்றே எண்ணாது, பெரிய அணு ஏதோ போகிறது என்று விட்டுவிடும். நானும் நீயும் ஒரே நிழலாகப் போனோமே, அதேதான். என் சிப்புக்கு உன் விரலிலிருந்து நேராக வந்தது, குழாயையே பார்க்கவில்லை. அதனால் ஒவ்வொன்றாகப் போனது.

இது உனக்கும் தெரியும். எனக்கு முன்னாலேயே தெரியும். வேறு யார் ரத்தமாக இருந்தாலும் ஸ்லைடைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பாய். உன் மிஷின்தான் சரி என்று நான், என் அக்கா சொன்னால் சரி என்று மறுபடி நான். இரண்டு மாசம் சரியாக இருந்த சிப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இப்படித்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதால் சொல்கிறேனோ என்றும் பயமாக இருக்கிறது. ஸ்லைடைப் பார், அக்கா. பார்க்கத் தைரியமில்லை என்றால் தொடாதே, அப்படியே இரு. இந்த முப்பதாம் தேதி வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. நாம் சேர்ந்து பார்ப்போம். என்ன தெரிந்தாலும் சேர்ந்து பார்ப்போம்.

உன் சுண்டு


மே 20

சுண்டுக் கண்ணா,

நலம். இந்தத் தடவை எழுத்துக்கு எழுத்து நிஜமாகவே நலம்.

போன் அடித்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். எடுத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று எடுக்கவில்லை. கடிதம் வந்தது. படித்தேன். உன் மேல் வந்த கோபத்தில் முதலில் டீ போட்டேன், சர்க்கரை போட மறந்து குடித்தேன். எனக்கே பாடம் எடுக்கிறான் பார் என்று திட்டினேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். லேபுக்குப் போனேன்.

என் ரத்தத்தை நானே ஸ்லைடில் தேய்த்தேன், அது கைப்பழக்கம், நடந்துவிட்டது. குனிந்து பார்க்கத்தான் முடியவில்லை. மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஊருக்கெல்லாம் பார்க்கிற கண் எனக்கு மட்டும் பார்க்க மறுத்தது. கடைசியில் அந்தப் புதுப்பெண்ணைக் கூப்பிட்டு "நீ பாரும்மா, எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு" என்றேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் லென்ஸ் துடைத்த துணியை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், இது கம்மியே இல்ல. எல்லாம் கும்பல் கும்பலா ஒட்டிட்டு நிக்குது. யாரோடது மேடம் இது?"

"என்னோடது" என்றேன். சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோல அவள் தோளில் சாய்ந்து அழுதேன். பாவம், அவள் பயந்து தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

வேறு மருந்து போட்ட நீல மூடிக் குழாயில் எடுத்து நம் மிஷினிலேயே ஓட்டினோம். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். சர்ஜன் பார்த்துவிட்டு "மேடம், நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார். ஜூன் முதல் வாரம் கல்லை எடுக்கிறார்கள். மஜ்ஜைக்கு ஒரு கேடும் இல்லை. உன் சிப் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் சொன்னது. தலைவரிடம் போய், பதினேழாம் எண்ணைப் பெரிய மிஷின் தப்பாக எண்ணியது, நீங்கள் மூட நினைத்ததுதான் சரியாக எண்ணியது என்று சொல். பென்சிலை உருட்டட்டும்.

இதெல்லாம் நடந்து சில நாளாகிறது. அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்கலாம். எடுத்து எண்ணைப் பாதிவரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் பாதி எழுதிக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நீ அங்கே தவித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும், இருந்தும். ஏனென்று கேட்டால் வெட்கக்கேடு. எல்லாம் சரியாகிவிட்டது என்று தெரிந்தால் நீ "அப்பாடா" என்று டிக்கெட்டை ரத்து செய்துவிடுவாயோ என்று பயம். நோயாக இருக்கும்போது வந்த பயத்தைவிட இது ஒன்றும் சின்னதாக இல்லை, சுண்டு. அம்மாவுக்கு முடியவில்லை என்றபோது வந்தாய், அம்மா போனபோது வந்தாய். நடுவில் வந்ததே இல்லை.

ஆனாலும் உன்னைத் தவிக்கவைத்து வரவழைத்தால் அது வருவது ஆகாது. அதனால் இன்று தபாலில் போட்டுவிடுகிறேன். முப்பதாம் தேதிக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும்.

கல் ஒன்றைத் தவிர எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. எண்ணிக்கை சரியாக இருக்கிற அக்காவையும் பார்க்க வரலாம்தானே?

இப்படிக்கு,
அக்கா